முகாம் அறிவிப்பில் ஆட்டுக்கும் நாய்க்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்களை முகாமுக்கு அழைக்கும் ஒலிபெருக்கி ஆட்டோ இந்த ஆண்டும் தெருத்தெருவாக வரும். எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கல்யாண மண்டபம், ரேஷன் கார்டை மறக்காமல் எடுத்து வாருங்கள் என்று எல்லாம் சொல்வார்கள். கொல்லையில் கட்டியிருக்கும் ஆட்டை என்ன செய்வது, வாசலில் படுத்திருக்கும் நாயை எங்கே விடுவது என்பதற்கு மட்டும் அதில் ஒரு வார்த்தை இருக்காது. "நீங்க முன்னால போங்க, நான் அப்புறம் வரேன்" என்று வீட்டுக்கு ஒருவர் பின்தங்கிவிடுகிறார். மறுநாள் அவரைக் கூரையிலிருந்து இறக்க மீட்புப் படகு போக வேண்டியிருக்கிறது.

கால்நடை மருத்துவத்திலும் வெள்ள மீட்பிலும் வேலை செய்கிற நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். பின்தங்குகிறவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று திட்டுவது தவறு. நாலு ஆடு வளர்க்கிற பெண்ணுக்கு அந்த ஆடுதான் வங்கிக் கணக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழக அரசு உயர்த்தி அறிவித்த நிவாரணமே ஆட்டுக்கு 4,000 ரூபாய், பசு எருமைக்கு 37,500 ரூபாய். வளர்ந்த ஆட்டின் சந்தை விலை அதற்கு மேல். நாய்க்கும் பூனைக்கும் அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, வளர்த்த பிராணியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் ஏராளம். மறு ஆண்டே, மாநிலங்களும் ஊர்களும் போடும் வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்துவிட்டது. பிராணிக்கு இடம் ஒதுக்கினால்தான் மனிதர் வீட்டைவிட்டு வெளியே வருவார் என்று அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் நம் ஊருக்கும் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முதலில் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலடிச் சங்கிலி, ஒரு முனை நாயின் கழுத்தில், மறு முனை தரையை ஒட்டிய கம்பியில். தண்ணீர் முழங்கால் அளவு ஏறும்வரை நாய் நின்று சமாளிக்கும். அதற்கு மேல் ஏறினால் முன்கால்களைச் சுவரில் வைத்து எழும்பும். சங்கிலி அதற்கு மேல் விடாது. நன்றாக நீந்தத் தெரிந்த பிராணி இப்படித்தான் கட்டிய இடத்திலேயே செத்துப்போகிறது. கடைசி நேரத்தில் ஓடிவந்து அவிழ்க்கப் பார்த்தால், துரு ஏறிய கொக்கியின் வில் ஈரக் கைக்கு மசியாது. இப்போதே அந்தக் கொக்கியைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், துரு தின்றிருந்தால் மாற்றிவிடுங்கள். மழை வலுத்தால் வீட்டில் ஆள் இருந்தாலும் இரவில் நாயைக் கட்டிப்போடக் கூடாது.

மாட்டுக் கயிறும் அப்படித்தான். நனைந்த தும்புக் கயிற்றின் முடிச்சு இறுகி, இருட்டில் விரலுக்கு அவிழாது. மழைக்காலம் முழுவதும், நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடுங்கள். தொழுவத்து வாசலில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கதிர் அரிவாளைச் செருகி வையுங்கள். அறுக்கும்போது கழுத்தில் ஒரு சாண் கயிறு மட்டும் விட்டு அறுக்க வேண்டும். நீளக் கயிறு பின்னால் இழுபட்டால் வேலிகாத்தான் முட்புதரில் மாட்டிக்கொள்ளும், நீந்துகிற மாடு அதிலேயே மூழ்கும். மூக்கணாங்கயிற்றில் கட்டிய பிடிகயிற்றை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும்.

எப்போது கிளம்புவது? ஆட்டோ அறிவிப்பு வந்த பிறகு என்றால் பிராணிகளுக்கு அது தாமதம். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வந்தது. 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தண்ணீர் பெருகிய நேரம் இரண்டு முறையும் இருட்டு. இருட்டில் பூனையைப் பிடிக்க முடியாது, ஆடு தண்ணீரில் கால் வைக்காது. ஆகவே வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்த அன்று பகல் வெளிச்சத்திலேயே ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். அடையாற்றங்கரையில் இருப்பவர்கள் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரமான 24 அடிக்குக் காத்திருக்க வேண்டாம். நீர்மட்டம் 22 அடி என்று செய்தி வந்ததுமே பூனையை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். வெறும் மிரட்டல் என்று நினைத்து ஒரு நாள் வீணானால் ஆகட்டும்.

அதற்கும் முன்னால் தடுப்பூசி. நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி இல்லாவிட்டால் எந்த முகாமும் தயங்கும், தயங்குவதும் நியாயம்தான். வெள்ளத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து வரும் எலிக்காய்ச்சல் நாயையும் தாக்கும். அதற்கான தடுப்பூசியை முதன்முறை போடும்போது மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசியாகப் போட வேண்டும். அக்டோபர் கடைசியில் தொடங்கினால், புயல் வரும் நவம்பர் முழுக்கப் பாதுகாப்பில்லாமல் போய்விடும். மாட்டுக்குத் தொண்டை அடைப்பான், சப்பை நோய், ஆட்டுக்குத் துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி ஆகியவற்றுக்கான ஊசிகளை கால்நடை மருந்தகத்தில் கேட்டு மழைக்கு முன்பே போட்டு முடிக்க வேண்டும். ஊசி போட்ட அட்டையை, கழுவிக் காயவைத்த பால் கவரில் போட்டுச் சுருட்டி வையுங்கள். பிராணியோடு வீட்டுக்காரர் நிற்கிற மாதிரி ஒரு புகைப்படம் போனிலும் வேண்டும், அச்சாகவும் வேண்டும். கழுத்துப்பட்டையின் உட்புறம் அழியாத மையில் போன் நம்பர் எழுதுங்கள். ஆட்டுக்கு முதுகில் சாயம் பூசி அடையாளம் வைப்பது இரண்டு நாள் மழையில் கரைந்துவிடும். கொம்பில் நெயில் பாலிஷ் தீட்டினால் நிற்கும். நாலு வீட்டு ஆடு ஒரே மைதானத்தில் கலந்து நிற்கும்போது இந்தச் சிவப்புக் கோடுதான் சண்டையைத் தடுக்கும்.

கையில் எடுத்துப்போக மூன்று நாளைக்கான கணக்கு இது. 15 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்குக் குடிநீர் ஒரு லிட்டர், உலர் தீனி 250 முதல் 300 கிராம். நாலு கிலோ பூனைக்குத் தண்ணீர் கால் லிட்டர், தீனி 60 கிராம். பழக்கமான தீனியையே எடுத்துப் போங்கள், பயத்தோடு தீனியும் மாறினால் வயிற்றுப்போக்கு நிச்சயம். முகாமில் தரும் சாம்பார் சாதத்தை நாய் பூனைக்கு வைக்கக் கூடாது. வெங்காயம் அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தயிர்சாதம் பரவாயில்லை. காய்ச்சல் என்று மனிதருக்கான மாத்திரையைக் கொடுப்பது அதைவிட ஆபத்து. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றே ஒன்று பூனையைக் கொன்றுவிடும். முகாமில் அன்போடு உதவுகிற தொண்டர்களுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

பூனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விட்டுவிட்டு வருவது அதிகமும் பூனையைத்தான். வீட்டில் பாத்திரம் பண்டம் கட்டும் சத்தம் கேட்டதுமே பூனை பரணில் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்ளும். அதைத் தேடுகிற ஒரு மணி நேரத்தில் தெருவில் தண்ணீர் இடுப்பளவு வந்துவிடும். மூட்டை கட்டத் தொடங்கும் முன்பே பூனையைக் குளியலறையில் விட்டுத் தாழிடுங்கள், அங்கே ஒளிய இடமில்லை. கூண்டு வாங்க வசதியில்லாவிட்டால், காய்கறிக் கடைக்குத் தக்காளி வருகிற ஓட்டைபோட்ட பிளாஸ்டிக் டிரே இரண்டு போதும். ஒன்றின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, ஒரு நீளப் பக்கத்தில் மூன்று கேபிள் டை போட்டால் கீல் மாதிரி ஆகிவிடும். பூனை உள்ளே போனதும் மற்ற மூன்று பக்கங்களிலும் இரண்டிரண்டு டை. பிரிப்பதற்கு ஒரு கத்தரிக்கோலைப் பையில் போட மறக்காதீர்கள். உள்ளே விரிக்கும் துண்டைத் துவைக்க வேண்டாம், வீட்டு வாசனை இருந்தால்தான் அது அடங்கும். ஒரு வாரம் முன்பே அந்த டிரேயைத் திறந்து போட்டு அதற்குள் தீனி வைத்துப் பழக்கினால் கீறல் மிச்சம். டிரேயும் இல்லையென்றால் பருத்தித் தலையணை உறையில் விட்டு வாயைக் கட்டலாம். உரச் சாக்கு வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் காற்று புகாது, அரை மணி நேரத்தில் உள்ளே வெந்துபோகும்.

நாய் பயந்தால் முன்னால் ஓடாது, பின்னால் இழுக்கும். கழுத்துப்பட்டை தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகலாம், மூன்று போனால் தளர்வு. மார்போடு சேர்த்துப் பூட்டும் வார் இருந்தால் கயிற்றை இரண்டிலும் கட்டுங்கள். எவ்வளவு சாதுவான நாயும் வலியிலும் பயத்திலும் கடிக்கும். இரண்டு விரல் அகலத்தில் ஒன்றேகால் மீட்டர் பழைய வேட்டித் துணியைக் கிழித்து வைத்துக்கொண்டால் வாய்க்கட்டு ஆயிற்று. மூக்கின் மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு சுற்று, பிறகு இரு நுனிகளையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. படகில் ஏற்றி இறக்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே இது. நாய்க்கு உடம்புச் சூடு வாய் வழியாகத்தான் தணியும். வாந்தி எடுக்கும் நாய்க்கும், பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கும் கட்டவே கூடாது. கடிபட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், தெரிந்த நாயாக இருந்தாலும்.

ஆடுகளை ஓட்டும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விரட்டாமல், மற்றவை பின்பற்றுகிற முன்னாட்டை முதலில் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். குட்டியைத் தாயின் கண்ணுக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போனால் தாய் தானே வரும். கோழியை இருட்டிய பிறகு பிடிப்பதுதான் சுலபம். அடைந்த கோழி அசையாது. அதே தக்காளி டிரேயில் ஆறு நாட்டுக்கோழி தாராளம், அதற்கு மேல் அடைத்தால் அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும்.

படகில் ஆட்டை ஏற்றுகிறவர்கள் நாலு காலையும் சேர்த்துக் கட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் போடுகிறார்கள். அசைபோடும் பிராணி அப்படிப் படுத்தால் வயிற்று வாயு வெளியேறாமல் உப்பி, நுரையீரலை அழுத்தும். படகு கவிழ்ந்தாலோ பிழைக்க வழியே இல்லை. காலை மடக்கி நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து ஒருவர் அணைத்துப் பிடித்தால் போதும். ரப்பர் படகாக இருந்தால் அடியில் கோணிச் சாக்கை மடித்துப் போடுங்கள், குளம்பும் நகமும் கிழித்துவிடும். மாட்டைப் படகில் ஏற்றக் கூடாது. படகை ஒட்டி நீந்தவிட்டு, தலை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி கழுத்துக் கயிற்றைப் பிடித்துவர வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது மனிதருக்கு ஆபத்து.

வெள்ளத்துக்குச் சொன்னது புயற்காற்றுக்கு அப்படியே பொருந்தாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகை, வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது தென்னந்தோப்புகள் வரிசையாகச் சாய்ந்ததை நாடே பார்த்தது. தென்னைக்கு அடியிலும், ஆஸ்பெஸ்டாஸ் ஓடு போட்ட கொட்டகையிலும் மாட்டைக் கட்டி வைப்பது அந்தக் காற்றுக்குக் கொலைக்குச் சமம். உறுதியான கான்கிரீட் கட்டடம் கிடைக்காவிட்டால், மரமும் மின்கம்பமும் இல்லாத மேட்டுத் திடலில் அவிழ்த்துவிடுவதே மேல். காற்று ஓய்ந்ததும் அறுந்த மின்கம்பியைக் கவனியுங்கள். ஈரத்தரையில் பாயும் மின்சாரம், முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஐந்தடி தூரம் இருக்கிற மாட்டைத்தான் முதலில் வீழ்த்தும். மாடு காரணமில்லாமல் விழுந்து துடித்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள்.

கூட்டிப் போகவே முடியாத நிலை என்றால்? நாய் பூனையை மாடிக்கோ, மாடிப்படியின் தலைமாட்டுக்கோ ஏற்றி, கட்டாமல், கூண்டில் பூட்டாமல் விடுங்கள். ஒரு பெரிய அண்டா நிறையத் தண்ணீர், கவிழாதபடி உள்ளே ஒரு செங்கல். தீனியை நாலைந்து தட்டுகளில் பிரித்து வைத்தால் ஒரே நாளில் தின்று தீர்க்காது. "மேலே நாய் 1, பூனை 2, ஊசி போட்டவை" என்று போன் நம்பரோடு கதவில் சுண்ணாம்பால் அல்ல, பெயின்டால் எழுதுங்கள். மீன்தொட்டிக்குக் கரண்ட் போனால் தீனியை நிறுத்திவிட்டு, ஒரு மணிக்கொரு தரம் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும்.

இனி முகாம்கள். மனிதர் உறங்கும் வகுப்பறைக்குள் நாயை விடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. பயப்படுகிற குழந்தைகளும் மூச்சிரைப்பு உள்ளவர்களும் அங்கே இருப்பார்கள். அதே வளாகத்தில் சைக்கிள் கொட்டகை இருக்கும். அதை நாய்களுக்குக் கொடுங்கள். நாலடிக் கயிறு கட்டிய இரண்டு நாய்களுக்கு நடுவே 12 அடி விட்டால் ஒன்றையொன்று எட்டாது. தீனி வைக்கும் நேரத்தில்தான் சண்டை வரும், ஆகவே எல்லா நாய்க்கும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். பருவத்தில் இருக்கும் பெண் நாயைத் தனியே கட்டுங்கள். பூனைக்குக் கதவு மூடும் சிறு அறை ஒன்று, மணல் நிரப்பிய தட்டு. ஆட்டுக்கு மைதானத்தின் மேட்டுப் பக்கத்தில் தார்ப்பாய். மாட்டுக்கு ஏரிக்கரையோ கோயில் திடலோ முன்பே குறித்திருக்க வேண்டும். மாட்டுக்கு நாளைக்கு 40 லிட்டர் தண்ணீர், ஆறு கிலோ வைக்கோல், ஆட்டுக்கு நாலு லிட்டர், ஒரு கிலோ காய்ந்த கடலைக்கொடி என்று கணக்குப் போட்டு, வைக்கோலை மழைக்கு முன்பே கொண்டுவந்து உயரத்தில் அடுக்கினால்தான் உண்டு. கறவை மாட்டை முகாமிலும் வேளை தவறாமல் கறக்க வேண்டும், இரண்டு நாள் விட்டால் மடிநோய் பிடிக்கும். சாணம், கழிவு அள்ளும் முறையைப் பிராணி வைத்திருப்பவர்களே பங்கிட்டுக்கொள்ளட்டும். வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் யாருடைய பிராணி, எத்தனை, என்ன அடையாளம், ஊசி போட்ட தேதி என்று எழுதினால் வீடு திரும்பும் நாளில் வழக்கு வராது.

வெள்ளம் வடிந்த பிறகு சாகிற மாடுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டில் நனைந்துபோன அரிசி மூட்டையை, வீணாகிறதே என்று பசித்த மாட்டின் முன்னால் கொட்டுகிறோம். மாவுச்சத்து அதன் வயிற்றில் திடீரென்று புளித்து அமிலமாகிவிடும். அசைபோடுவது நின்று, மறுநாளே மாடு தள்ளாடிப் படுக்கும், பிறகு எழுவதில்லை. ஒரு மூட்டை அரிசியைக் காப்பாற்ற நினைத்து மாட்டை இழக்க வேண்டாம். பூஞ்சணம் பூத்த வைக்கோலும் கடலைக்கொடியும் அதே மாதிரிதான், அடியோடு ஒதுக்குங்கள். மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லில் வெறும் வயிற்று ஆட்டை மேயவிட்டால் துள்ளுமாரி வரும். முதலில் காய்ந்த தீவனம் கொடுத்து, பிறகு சிறிது நேரம் மட்டும் மேய்க்க வேண்டும்.

இறந்த பிராணியை அவசரப்பட்டுப் புதைத்துவிட்டு நிவாரணம் கிடைக்கவில்லை என்று அலைகிறவர்கள் பலர். 12 இலக்கக் காதுவில்லை தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லி, அவர்கள் பார்த்த பிறகு புதைக்க வேண்டும். கிணற்றை விட்டு விலகி, மேடான இடத்தில், குறைந்தது ஆறடிக் குழி, அடியிலும் மேலேயும் சுண்ணாம்பு.

மாவட்ட நிர்வாகங்களிடம் எங்கள் வேண்டுகோள், செப்டம்பரில் நிவாரண முகாம் பட்டியல் தயாரிக்கும்போது ஒவ்வொரு முகாமுக்கும் நேரே "பிராணிகளுக்கான இடம்" என்று ஒரு கட்டம் சேர்த்து, அதை நிரப்பாமல் பட்டியலை ஏற்கக் கூடாது. ஆட்டோ அறிவிப்பில் "ஆடு, மாடு, நாய், பூனைக்கும் இடம் இருக்கிறது, கயிறும் தீவனமும் எடுத்து வாருங்கள்" என்று சொல்ல ஐந்து விநாடிகூட ஆகாது. தங்களிடமும் ஒன்று கேட்கிறோம். புயல் செய்தி வெளியிடும் நாட்களில் மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 ஆகிய எண்களை முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அந்தப் பெட்டியிலேயே, கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணையும் சேர்த்து அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவ, மீட்புப் பணியாளர்கள் சிலர்,
கடலூர் மாவட்டம்.